இடைக்காட்டூர் வளைவுகளும் சருகணிக் கல்லறையும்

“இந்தத் தவக்காலத்துல என்னை லெவே சாமிகிட்ட ஒரு தடவை கூட்டிட்டுப் போயிருங்க” என்று தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனன்றே அப்பத்தா சொல்லிவிட்டாள். நெற்றியில் இட்ட சாம்பல்கூட அழியவில்லை. அவளுக்கு 84 வயது. முழங்கால் இரண்டும் ஒத்துழைப்பதில்லை. ஆனாலும் அந்த வாரமே மூன்று முறை நினைவூட்டினாள்.

எங்கள் வீடு தேவகோட்டையில். அப்பத்தா பிறந்தது சருகணிக்குப் பக்கத்துக் கிராமம். லெவே சாமி என்ற பிரெஞ்சுக் குருவின் கல்லறை இருப்பதும் சருகணியில்தான். தேவகோட்டையிலிருந்து சருகணி போய்வர அரை நாள் போதும். ஆனால் அப்பா, “கார் எடுக்கிறதுன்னு ஆச்சு, அப்படியே இடைக்காட்டூரும் போயிட்டு வந்துருவோமே ஆத்தா” என்று பேச்சைப் போட்டார். அப்பத்தா கொஞ்சம் யோசித்தாள். அது இயேசுவின் திரு இருதயக் கோயில். அடுத்த வெள்ளி மாதத்தின் முதல் வெள்ளி, திரு இருதய பக்திக்குரிய தலைவெள்ளி. மறுப்பதற்கு அவளிடம் காரணம் இல்லை.

அப்பாவின் காரணம் வேறு. அவர் கொத்தனார். அவருடைய அப்பாவும் கொத்தனார்தான். ஐயா செட்டிநாட்டுக் கானாடுகாத்தான் வீடுகளில் சுண்ணாம்புப் பூச்சு வேலை பார்த்தவர். சுண்ணாம்பை நாள்கணக்கில் ஊறவைத்து, கல்லில் மை போல அரைத்து, கடைசிப் பூச்சுக்கு முட்டை வெள்ளைக்கரு சேர்த்து, வழவழப்பான கல்லால் தேய்த்துத் தேய்த்துப் பளிங்கு மாதிரி ஆக்குகிற வேலை. அந்த ஐயா ஒரு முறை இடைக்காட்டூருக்கு நடந்தும் வண்டியிலுமாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, “வேலைன்னா அது வேலைடா” என்று ஒரு வாரம் அதையே பேசினாராம். அப்பாவுக்கு அப்போது பத்து வயது. அந்த ஒரு வாக்கியம் அவருக்குள் அப்படியே கிடந்திருக்கிறது.

வெள்ளிக்கிழமை விடியுமுன் கிளம்பினோம். சிவகங்கை, மானாமதுரை தாண்டி, முத்தனேந்தல் பக்கம் திரும்பி வைகையைக் கடந்தோம். ஆற்றில் மணலும் நாணலும்தான் இருந்தன. வழியெல்லாம் வயலும் கருவேலமும் ஓட்டு வீடுகளும். அதற்கு நடுவே செங்கல் நிறத்தில் கூர்கூராக எழும்பி நிற்கும் ஒரு கோயிலை முதலில் பார்க்கும்போது கண் நம்ப மறுக்கிறது. இடைக்காடர் என்ற சித்தரின் பெயரைத் தாங்கிய ஊர் அது. அந்த ஊரில் பிரான்சின் ரைம்ஸ் பேராலயத்தை முன்மாதிரியாக வைத்து ஒரு கோயில்! பெர்தினாந்து செல் என்ற பிரெஞ்சு இயேசு சபைக் குரு முன்னின்று கட்ட, 1894-இல் முடிந்தது.

ரைம்ஸ் என்றால் சாதாரண இடமில்லை. 1211-இல் கட்டத் தொடங்கிய பேராலயம் அது. பிரான்சின் அரசர்களுக்கு முடிசூட்டிய இடம். அவ்வளவு பெரியதை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது. செல் அடிகளார் கொண்டுவந்தது அதன் சாயலை. அங்கே கல்லில் செதுக்கியதை இங்கே செங்கல்லிலும் சுண்ணாம்பிலும் செய்திருக்கிறார்கள். வைகைக் கரையில் எது கிடைக்குமோ அதைக்கொண்டு செய்தார்கள். என்னை முதலில் தொட்டது இதுதான்.

செருப்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே போனோம். வெளியே காலை வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. உள்ளே கால் வைத்ததும் தரையின் குளிர்ச்சி உள்ளங்காலில் ஏறியது. அப்பத்தா வாசலிலேயே தீர்த்தம் தொட்டுச் சிலுவை போட்டுக்கொண்டு, யாருடைய கையையும் பிடிக்காமல் நேரே பீடத்தை நோக்கி நடந்தாள். வீட்டில் அடுப்படிக்குப் போகவே சுவரைப் பிடிக்கிறவள்.

நான் அண்ணாந்து பார்த்தேன். இரண்டு பக்கமும் தூண் வரிசை. ஒவ்வொரு தூணிலிருந்தும் விலா எலும்பு மாதிரி வரிகள் கிளம்பி, வளைந்து மேலே போய், எதிர்ப்பக்கத்திலிருந்து வரும் வரியோடு கூராகச் சேர்கின்றன. செபிக்கும்போது இரண்டு கையையும் குவிக்கிறோமே, அந்த வடிவம். வரிசையாக யாரோ கைகுவித்து நிற்கிற மாதிரியும், அந்தக் கைகளுக்குக் கீழே நாம் நிற்கிற மாதிரியும் தோன்றியது. வண்ணக் கண்ணாடி வழியாக வந்த வெளிச்சம் ஒரு தூணின் அடியில் நீலமும் சிவப்புமாக விழுந்திருந்தது.

அப்பா தூணைத் தொட்டுப் பார்த்தார். முதலில் விரல் நுனியால். பிறகு உள்ளங்கையை முழுக்க வைத்து மேலிருந்து கீழாகத் தடவினார். நோயாளியின் வயிற்றைத் தொட்டுப் பார்க்கிற வைத்தியரின் முகம் அப்போது அவருக்கு.

“இது உளியால கொத்தினது இல்ல” என்றார். “இந்த வளைவுக்கு, இந்த வரிக்கு, இந்த மூலைக்குன்னு தனித்தனியா அச்சு செஞ்சு, மண்ணை வார்த்து, காயவச்சுச் சுட்டிருக்காங்க. ஒரு அச்சு கோணினாலும் மேல போய்ச் சேரும்போது இடிக்கும். கம்பி கட்டின காங்கிரீட்டா, ஒட்டுப் போட்டுச் சரிபண்ண? சூளையிலயே சரியா வந்திருக்கணும்.”

கூர் வளைவு ஏன் என்றும் சொல்லிக்கொடுத்தார். அரைவட்ட வளைவு தன் பாரத்தைப் பக்கவாட்டில் அதிகம் தள்ளும். சுவர் தடியாக இல்லாவிட்டால் வெளியே சாய்த்துவிடும். கூராக எடுத்தால் பாரம் பெரும்பாலும் கீழ்நோக்கி இறங்கிவிடும். மீதித் தள்ளலை வெளியே நிற்கும் முட்டுச் சுவர்கள் தாங்கிக்கொள்ளும். அதனால்தான் உயரமாகவும் போக முடிகிறது, ஜன்னல்களைப் பெரிதாக வைத்து வெளிச்சத்தையும் விட முடிகிறது. “பாரத்தை எங்க இறக்கிவைக்கிறதுன்னு தெரிஞ்சவன் கட்டினது” என்று அப்பா சொன்னபோது, முன் வரிசையில் அப்பத்தா செபமாலையை எடுத்திருந்தாள்.

நடுப்பீடத்தில் திரு இருதய ஆண்டவர். சுற்றிலும் புனிதர்களும் வானதூதர்களும். இந்தக் கோயிலில் வானதூதர்கள் நிறைய. எங்கே திரும்பினாலும் ஒரு சிறகு தெரிகிறது. பிரான்சிலிருந்து கப்பலேறி வந்த சுரூபங்கள் இவை. அவ்வளவு தூரம் கடலில் வந்து, மாட்டு வண்டி போகிற பாதையில் இந்த ஊர்வரை வந்து சேர்ந்ததை நினைத்தாலே சிலிர்க்கிறது. செட்டிநாட்டுக்காரிக்கு இது புதிதாகத் தெரியக் கூடாதுதான். பர்மாத் தேக்கும் இத்தாலியப் பளிங்கும் பெல்ஜியம் கண்ணாடியும் எங்கள் ஊர் வீடுகளுக்கு வந்தது அதே கடல் வழியாகத்தான். ஆனால் அவை செல்வம் இருந்த இடத்துக்கு வந்தன. இங்கே வந்தது மழையை நம்பிப் பிழைக்கிற ஒரு கிராமத்துக்கு.

நான் முன்னால் போய் முழந்தாளிட்டேன். என்ன கேட்பது என்று ஒரு பட்டியலே கொண்டுவந்திருந்தேன். ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. பக்கத்தில் அப்பத்தா, அவள் காலத்து மந்திரத்தை முணுமுணுத்தாள்: “சேசுவின் மதுரமான திரு இருதயமே, என் சிநேகமாயிரும்.” சின்ன வயதில் தூங்குமுன் எனக்குச் சொல்லிக்கொடுத்தது. அதையே நானும் சொன்னேன். வேறெதுவும் கேட்கவில்லை. கேட்காமல் எழுந்ததில் குறையும் தோன்றவில்லை.

அப்புறம் சுவர்களைச் சுற்றிப் பார்த்துக்கொண்டு வந்தோம். செல் அடிகளாரின் பெயர் இந்தக் கோயிலை விட்டுப் பிரியாது. அது நியாயம். அவர் இல்லாவிட்டால் இது இல்லை. அப்பா மட்டும் பின்பக்கம், பக்கவாட்டுச் சுவர், வாசல் ஓரம் என்று எதையோ தேடிக்கொண்டிருந்தார். “என்னப்பா?” என்றேன். “அச்சு செஞ்ச ஆசாரி, சூளை போட்டவன், மேல ஏறிக் கல்லு வச்சவன்… ஒரு பேராவது எங்கயாச்சும் கீறி வச்சிருக்கானான்னு பார்த்தேன்” என்றார். கண்ணில் எதுவும் படவில்லை. எங்கள் பக்கத்துப் பெரிய வீடுகளிலும் வாசல் வளைவில் வீட்டுக்காரரின் தலைப்பெழுத்துத்தான் இருக்கும். ஐயாவின் பெயர் எந்தச் சுவரிலும் இல்லை. அப்பா கோபமாகச் சொல்லவில்லை. மறுபடி ஒரு முறை தூணில் கை வைத்துவிட்டு, அந்தக் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அவர் சுரூபங்களைக்கூட அப்படித் தொட்டுக் கும்பிட்டு நான் பார்த்ததில்லை.

மூல ஆலயமான ரைம்ஸ் 1914 செப்டம்பரில், முதல் உலகப் போரில், ஜெர்மன் குண்டுவீச்சில் தீப்பற்றியது. மரத்தால் ஆன மேற்கூரை முழுக்க எரிந்தது. போர் முடிந்து, மரத்துக்குப் பதில் முன்வார்ப்புக் காங்கிரீட் துண்டுகளைக் கோத்துக் கூரை எழுப்பி, 1938-இல்தான் முழுமையாகத் திறந்தார்கள். அங்கே தாய்க்கோயில் காயம்பட்டுக் கிடந்த அந்த ஆண்டுகளில், வைகைக் கரையில் இந்தப் பிள்ளை தலைவெள்ளி தவறாமல் மணி அடித்துக்கொண்டிருந்திருக்கும். காரில் வரும்போது அப்பாவிடம் இதைச் சொன்னேன். காங்கிரீட் கூரை விஷயத்தை மட்டும் இரண்டு தடவை கேட்டுத் தெரிந்துகொண்டார்.

திரும்பும் வழியில் காளையார்கோவிலில் ஐந்து நிமிடம் நிறுத்தினோம். மருது பாண்டியர் எழுப்பிய ராஜகோபுரம், அதன் எதிரே 1801 அக்டோபர் 24-இல் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்ட அந்த இருவரின் சமாதி. அப்பத்தா காருக்குள் இருந்தபடியே கைகூப்பினாள். “நம்ம கோயிலுக்குத் தேர் செஞ்சு குடுத்த மகராசங்க” என்றாள். சருகணிப் பக்கம் பிறந்த யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள். சருகணி தேவாலயத்துக்கு மருதிருவர் தேரும் மானியமும் கொடுத்தார்கள் என்பது அந்த மண்ணில் பாட்டன் பேரனுக்குச் சொல்லி வருவது. உயிர்ப்புப் பெருவிழாவை ஒட்டித் தேர் இழுக்கும்போது சாதி மதம் பார்க்காமல் எல்லா வீட்டுக் கையும் வடத்தில் இருக்கும்.

இந்த மறவர் சீமையில் கிறிஸ்தவ வேதம் லேசாக வேர் பிடிக்கவில்லை. சற்றுக் கிழக்கே ஓரியூரில், லிஸ்பனில் பிறந்து நம் மண்ணில் காவி உடுத்தி நடந்த இயேசு சபைக் குரு அருளானந்தர் வெட்டுண்டது 1693 பிப்ரவரி 4-இல். அன்றும் சாம்பல் புதன். இயேசு சபையே 1773-இல் கலைக்கப்பட்டு, பல பத்தாண்டு இடைவெளிக்குப் பிறகு பிரெஞ்சுக் குருக்கள் மதுரை மறைப்பணித் தளத்துக்குத் திரும்பி வந்தார்கள். செல் அடிகளார் அந்த வரிசையில் வந்தவர். லூயி மரி லெவே அடிகளாரும் அந்த வரிசைதான். 1884-இல் பிரான்சில் பிறந்து, 1908-இல் இந்தியா வந்து, 1973 மார்ச் 21-இல் சருகணியில் கண்மூடினார். அவருக்குப் புனிதர் பட்டம் கிடைக்க வேண்டும் என்று இந்தப் பக்கத்து மக்கள் நாள்தோறும் மன்றாடுகிறார்கள்.

சருகணிக்கு வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. கோயிலுக்குள் மண்டியிட்டுவிட்டு லெவே சாமியின் கல்லறைக்குப் போனோம். இடைக்காட்டூரில் அண்ணாந்து பார்த்த கண்ணுக்கு இங்கே குனிய வேண்டியிருந்தது. மாலைகள், உருகி வழிந்த மெழுகுவர்த்திகள், மடித்து வைத்த மன்றாட்டுத் தாள்கள். பள்ளிச் சீருடையில் ஒரு பெண் நோட்டுப் புத்தகத்தைக் கல்லறைமேல் வைத்து எடுத்தாள். தேர்வு நேரம்.

அப்பத்தா கல்லறையின் ஓரத்தில் உட்கார்ந்தாள். செபமாலையைத் தொடவில்லை. கல்லில் கையை வைத்துக்கொண்டு, பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசுகிற மாதிரிப் பேச ஆரம்பித்தாள். “சாமி, நான்தான். மண் சுமந்த புள்ள.”

அந்தக் கதை எனக்குத் தெரியும். ஆனால் அங்கே வைத்துக் கேட்டதில்லை. அவளுக்குப் பத்துப் பன்னிரண்டு வயதிருக்கும்போது மழை பொய்த்தது. கண்மாய் தூர்ந்து கிடந்தது. தாடியும் வெள்ளை அங்கியுமாக லெவே சாமி கரையில் வந்து நின்று ஆள் சேர்த்தாராம். வெட்டுகிறவர்களுக்கும் சுமக்கிறவர்களுக்கும் தானியம் கூலி. அப்பத்தாவின் அம்மா வெட்டிய மண்ணைக் கூடையில் சுமந்து கரையில் கொட்டினாள் அப்பத்தா. “எங்க ஆத்தா கூடைய நெறச்சுப்புடுவா. சாமி வந்து பாதிய எடுத்துக் கீழ கொட்டிட்டுப் போவாரு. புள்ள கழுத்து ஒடிஞ்சு போகும்னு.” சொல்லும்போது தன் கழுத்தைத் தானே தொட்டுக்கொண்டாள். “கூலி மட்டும் முழுக் கூடைக்கு.”

அப்பா கல்லறையை விட்டுத் தள்ளி நின்றிருந்தார். அவர் கண்ணைத் துடைத்ததை நான் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

கிளம்பும்போது அப்பத்தா, “கம்மாய்ப் பக்கம் ஒருவாட்டி விடுடா” என்றாள். பத்து நிமிடத் தூரம். கரைமேல் காரை நிறுத்தினோம். மார்ச் மாதம், நடுவில் கொஞ்சம் தண்ணீர் மினுங்கியது. கொக்குகள் நின்றன. அப்பத்தா இறங்கவில்லை. கதவைத் திறந்துவைத்துக்கொண்டு பார்த்தாள்.

“கரை எப்படிடா இருக்கு?”

அப்பா இறங்கிப் போய்க் கொஞ்ச தூரம் நடந்தார். புதுத் தளம் போட்டால் செய்கிற மாதிரியே, நின்று குதிகாலால் இரண்டு முறை ஓங்கி மிதித்துப் பார்த்தார்.

“கெட்டியா இருக்கு ஆத்தா.”

“இருக்கும்” என்றாள் அப்பத்தா.