தையல் போடும் கையைப் படம்பிடித்தல்

வளைந்த ஊசியைத் திசுவுக்குள் செங்குத்தாக நுழைத்து, அதன் வளைவின் போக்கிலேயே மணிக்கட்டைச் சுழற்ற வேண்டும் என்று எத்தனை முறை சொன்னாலும், இளம் மருத்துவர்களில் பலர் அதை நேராகத் தள்ளித் திசுவைக் கிழித்துவிடுகிறார்கள். கேட்டால், சுழற்றியதாகவே சாதிப்பார்கள். காணொளியை மெதுவாக ஓட்டிக் காட்டினால் வாதம் அங்கேயே முடிந்துவிடுகிறது. சிறு துளைகள் வழியே செய்யும் லேப்ராஸ்கோப்பி அறுவையில் கேமரா ஏற்கெனவே உள்ளே இருப்பதால் பதிவு எளிது. திறந்த அறுவை சிகிச்சையில்தான் செய்பவரின் தலையே காட்சியை மறைத்துத் தொலைக்கும். 2013இல் வெளியான, அமெரிக்காவின் மிச்சிகன் மாநில ஆய்வொன்றில், 20 உடல்பருமன் அறுவை மருத்துவர்களின் காணொளிகளைச் சக மருத்துவர்கள், செய்தவர் யாரென அறியாமல் மதிப்பிட்டனர். குறைந்த மதிப்பெண் பெற்றவர்களின் நோயாளிகளுக்கே சிக்கல்கள் அதிகம் நேர்ந்திருந்தன. நோயாளியின் ஒப்புதல் அவசியம் என்பதைச் சொல்லவே வேண்டியதில்லை. ஆனால் பதிவுகளைத் தண்டனைக்கான சான்றாக்கும் துறைத்தலைவர் ஒருவர் வாய்த்தால், மறுநாள் முதல் யாரும் கேமராவை இயக்க மாட்டார்கள்.