அச்சிடப்படட்டும்

இன்று நியூட்டனின் இயற்பியல் நூலான பிரின்சிப்பியாவின் முதல் பதிப்பின் முகப்புப் பக்கத்தைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நூலாசிரியர் பெயருக்குக் கீழே இன்னொரு பெயர்! எஸ். பெப்பிஸ், இங்கிலாந்தின் அறிவியல் கழகமான ராயல் சொசைட்டியின் தலைவர். நாள், 1686 ஜூலை 5.

அந்தப் பெயருக்கு முன்னால் பெரிய எழுத்தில் ஒரே ஒரு சொல்: 'இம்ப்ரிமாத்தூர்'.

லத்தீனில் 'அச்சிடப்படட்டும்' என்று பொருள். அதன் வேருக்கு அழுத்திப் பதிப்பது என்று அர்த்தம். நம்முடைய 'பதிப்பு' பிறந்ததும் அப்படித்தானே!

கத்தோலிக்கத் திருச்சபையில் வேரூன்றிய சொல் இது. முன் அனுமதி இல்லாமல் எந்த நூலும் அச்சேறக் கூடாது என்று 1515-லேயே திருத்தந்தை பத்தாம் லியோ ஆணையிட்டுவிட்டார். பின்னாளில் தணிக்கையாளர் 'தடையேதுமில்லை' என்று எழுதிக் கொடுத்த பிறகே ஆயர் இந்தச் சொல்லைத் தருவது வழக்கமானது. இப்போது ஆங்கிலத்தில் எந்த அதிகாரபூர்வ ஒப்புதலுக்கும் இதுவே பெயர்.

என் மனதை உறுத்துவது கலிலியோதான்.

பூமி சூரியனைச் சுற்றுகிறதா என்று விவாதிக்கும் அவருடைய உரையாடல் நூல் 1632-ல் வந்தபோது, அதில் இந்த ஒப்புதல் முறைப்படி அச்சாகியிருந்தது. ஒன்றல்ல, பல. மறு ஆண்டே ரோமில் விசாரணை, நூலுக்குத் தடை, சாகும்வரை வீட்டுக்காவல்.

அனுமதி வாங்கித்தானே அச்சிட்டார் அந்த மனிதர். எவ்வளவு பெரிய அநியாயம்!