எஸ்காஃபியர் பாடத்தை நான் இரண்டாம் முறை படித்த விதம்

ஹோட்டல் மேனேஜ்மென்ட் முதல் ஆண்டில், உணவுத் தயாரிப்புப் பாடத்தின் முதல் உள்தேர்வில் அந்தக் கேள்வி வந்தது: பிரெஞ்சுச் சமையல் கலைஞர் அகஸ்ட் எஸ்காஃபியரின் வாழ்வும் பங்களிப்பும். பத்து மதிப்பெண். நோட்டில் இருந்த எட்டு வரிகளையும் பிசகாமல் எழுதிவிட்டு நிம்மதியாக எழுந்து வந்தேன். மூன்று மதிப்பெண்தான் கிடைத்தது. 'பிரிகேட் முறையை (சமையலறை வேலையை ஆளாளுக்குப் பிரித்துக் கொடுக்கும் முறையை) உருவாக்கினார்' என்ற வரியை ஆசிரியர் சிவப்பு மையால் சுழித்து, பக்கத்தில் "எதற்காக?" என்று மட்டும் எழுதியிருந்தார். அன்று இரவு விடுதியில் அந்த ஒற்றைச் சொல்லை வைத்துக்கொண்டு பாடத்தை முதலிலிருந்து படிக்கத் தொடங்கினேன். இந்த ஆண்டு அதே பாடத்தை எழுதப்போகிறவர்களுக்கு, அப்படிப் படித்ததில் எனக்குப் பிடிபட்டதைச் சொல்கிறேன்.

எஸ்காஃபியர் செய்த ஒவ்வொன்றுக்கும் பின்னால் அவர் கண்ணால் கண்ட ஒரு சங்கடம் இருக்கிறது. அந்தச் சங்கடத்தை நினைவில் வையுங்கள். விடை தானாக வரும்.

1846 அக்டோபர் 28 அன்று, நீஸ் நகருக்கு அருகே வில்நெவ்-லூபே என்ற சிற்றூரில் பிறந்தார். தந்தை கொல்லர். பதின்மூன்றாம் வயதில் நீஸில் இருந்த உறவினரின் உணவகத்தில் வேலை பழகச் சேர்க்கப்பட்டார். ஆள் குள்ளம். அடுப்பின் அனல் முகத்தில் அடிக்காமல் இருக்க உயரமான குதிகால் வைத்த காலணி அணிந்து வேலை செய்தார் என்பார்கள். இதைத் தேர்வில் எழுத வேண்டியதில்லை. ஆனால் நம் பயிற்சிச் சமையலறையில் மே மாதம் நின்றவர்களுக்கு, அந்தச் சிறுவன் எங்கே நின்றான் என்பது இந்த ஒரு விவரத்திலேயே புரிந்துவிடும். 1865-இல் பாரிஸ் போனார்.

1870-இல் பிரான்சுக்கும் பிரஷ்யாவுக்கும் போர் மூண்டது. ராணுவச் சமையல்காரராக மெட்ஸ் நகர முற்றுகைக்குள் சிக்கினார். இறைச்சி தீர்ந்தபோது குதிரைக் கறியைச் சமைத்தார். நகரம் சரணடைந்ததும் போர்க்கைதியானார். இந்தப் பகுதியை நம் மாணவர்கள் ஒரே வரியில் தாண்டிவிடுகிறார்கள். அப்படித் தாண்டாதீர்கள். பின்னாளில் டப்பாவில் அடைத்த உணவின் மீது அவருக்கு வந்த அக்கறைக்கும், சமையலறையில் அவர் கொண்டுவந்த படை போன்ற ஒழுங்குக்கும் வேர் இங்கேதான் இருக்கிறது.

இனி பிரிகேட். இதற்கு மட்டும் ஒரு முழு மாலை ஒதுக்குங்கள். 1880-களில் மான்டே கார்லோவில் சேசர் ரிட்ஸ் என்ற ஹோட்டல் மேலாளருடன் சேர்ந்து வேலை செய்யத் தொடங்கியவர், 1890-இல் அவருடனேயே லண்டன் சவாய் ஹோட்டலுக்குப் போனார். பெரிய ஹோட்டல், நூற்றுக்கணக்கான விருந்தினர், ஒவ்வொருவருக்கும் வேறு வேறு பண்டம். பழைய முறையில் சமையலறையின் ஒவ்வொரு பகுதியும் தன் பண்டத்தைத் தானே முதலிலிருந்து கடைசி வரை செய்தது. ஒரே சாஸை இரண்டு மூலைகளில் இரண்டு பேர் கிண்டிக்கொண்டிருப்பார்கள். சாப்பிட வந்தவர் காத்திருப்பார்.

மேயர்பேர் முட்டை என்ற பண்டத்தை வைத்து இதை நான் விளங்கிக்கொண்டேன். வெண்ணெயில் வேகவைத்த முட்டை, சுட்ட ஆட்டுச் சிறுநீரகம், டிரஃபிள் காளான் சாஸ் மூன்றும் ஒரே தட்டில் வர வேண்டும். ஒருவரே மூன்றையும் செய்தால் கால் மணி நேரம் பிடிக்கும். எஸ்காஃபியர் முறையில் முட்டையை ஆந்த்ரமெத்தியே பார்த்துக்கொள்வார், சிறுநீரகத்தை ரோட்டிசர் சுடுவார், சாஸை சாசியே தருவார். சில நிமிடங்களில் தட்டு வெளியே போய்விடும். இந்தப் படத்தை மனத்தில் வைத்துக்கொண்டால் பதவிப் பெயர்கள் மறக்காது. மீனுக்குப் புவாசோனியே, குளிர்ந்த பண்டங்களுக்கும் இறைச்சி தயாரிப்புக்கும் கார்ட் மான்ஜே, இனிப்புக்கும் ரொட்டிக்கும் பாட்டிசியே. இவர்களுக்கு மேல் துணைத் தலைவரான சூ ஷெஃப், எல்லோருக்கும் மேல் சமையலறைத் தலைவரான ஷெஃப் து குய்சீன். விடைத்தாளில் கட்டம் போட்டு இதை வரையுங்கள். வரைந்தபின், அந்த முட்டைத் தட்டு எந்தெந்தக் கட்டங்கள் வழியாகப் போகிறது என்று நான்கு வரி எழுதுங்கள். படம் வரைபவர்கள் நிறைய, அந்த நான்கு வரியை எழுதுபவர்கள் குறைவு.

அந்தக் காலத்துச் சமையலறைகள் அனலும் புகையும் வசையும் குடியும் நிறைந்தவை. வெக்கை தாங்காமல் சமையல்காரர்கள் மதுவைத் தண்ணீர்போலக் குடித்தார்கள். எஸ்காஃபியர் அதைத் தடுத்தார். தடுத்ததோடு நிற்காமல் வேலையாட்கள் குடிப்பதற்குப் பார்லி கஞ்சித் தண்ணீர் தயாராக வைத்தார். ஆர்டரைக் கூவிச் சொல்பவருக்குப் பிரெஞ்சில் அபோயர், அதாவது குரைப்பவர் என்று பெயர். அதை அறிவிப்பவர் என்று மாற்றச் சொன்னார். கெட்ட வார்த்தைக்கு அவர் சமையலறையில் இடமில்லை. 'பணிச்சூழலில் எஸ்காஃபியரின் மாற்றங்கள்' என்று கேள்வி வந்தால் இவற்றைத் தயங்காமல் எழுதுங்கள். இந்த மனிதரிடம் நான் மிகவும் மதிப்பது இந்தப் பகுதியைத்தான்.

என் வகுப்பில் பாதிப் பேருக்கு மதிப்பெண் போனது, முந்தைய தலைமுறைப் பிரெஞ்சுச் சமையல் கலைஞரான கரேமையும் எஸ்காஃபியரையும் குழப்பியதால். அந்துவான் கரேம் 1833-இல் இறந்தார். எஸ்காஃபியர் பிறந்தது அதற்குப் பதின்மூன்று ஆண்டுகள் கழித்து. இருவரும் சந்தித்திருக்கவே முடியாது. சர்க்கரையில் கோட்டை கட்டிய பிரம்மாண்ட அலங்காரம் கரேமுடையது. தட்டில் தின்ன முடியாத எதுவும் வேண்டாம் என்று அதைக் குறைத்து எளிமையாக்கியவர் எஸ்காஃபியர். மற்ற சாஸ்கள் பிறக்க அடிப்படையாக இருப்பவை தலைமைச் சாஸ்கள். கரேமின் நான்கு தலைமைச் சாஸ்கள் எஸ்பஞோல், வெலூத்தே, அல்மான்ட், பெஷமெல். நம் பாடத்தில் வரும் ஐந்தில் அல்மான்ட் இல்லை, ஏனென்றால் அது வெலூத்தேயிலிருந்து பிறப்பது. அதன் இடத்தில் தக்காளி சாஸும் ஹாலண்டேஸும் சேர்ந்தன. இந்த வேறுபாட்டை ஒரு வரியில் எழுதிவிட்டால் திருத்துபவருக்கு உங்கள் மேல் நம்பிக்கை வந்துவிடும்.

சாஸ்களை எழுதிப் படிப்பதைவிடக் கிண்டிப் படியுங்கள். செய்முறைத் தேர்வில் எனக்கு பெஷமெல் வந்தது. ஒரு லிட்டர் பால், நூறு கிராம் வெண்ணெய், நூறு கிராம் மைதா, கிராம்பு குத்திய வெங்காயம், பிரிஞ்சி இலை. பதற்றத்தில் கொதிக்கும் ரூவில், அதாவது வெண்ணெயில் வதக்கிய மாவில், கொதிக்கும் பாலை ஒரே மூச்சில் ஊற்றிவிட்டேன். சுண்டைக்காய் அளவில் கட்டிகள் மேலே மிதந்தன. வடிகட்டிப் பார்த்தும் சாஸ் நீர்த்துப்போனது, மாவில் பாதி வடிகட்டியில் தங்கிவிட்டதால். அன்று தெரிந்துகொண்டேன்: மாவின் பச்சை வாசனை போகும் வரை, நிறம் மாறாமல் ரூவை வதக்கி, அடுப்பிலிருந்து இறக்கிச் சற்று ஆறவிட வேண்டும். பிறகு சூடான பாலை ஒரு கரண்டி, இன்னொரு கரண்டி என்று சேர்த்து, ஒவ்வொரு முறையும் பசை வழவழப்பாகும் வரை கிண்ட வேண்டும். இதே ரூவை வைக்கோல் நிறத்துக்குக் கொண்டுபோய் வெள்ளை ஸ்டாக் (எலும்பை வேகவைத்து எடுத்த சாறு) சேர்த்தால் வெலூத்தே, பழுப்பாக்கிப் பழுப்பு ஸ்டாக் சேர்த்தால் எஸ்பஞோல். கை பழகினால் மூன்று சாஸும் ஒரே பாடமாகிவிடுகின்றன.

1903-இல் வெளிவந்த அவருடைய 'லெ கீட் குலினேர்' நூலில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட குறிப்புகள் இருக்கின்றன. அதைத் தனியாக எழுதவில்லை, ஃபிலியா ஜில்பெர், எமீல் ஃபெத்து ஆகியோர் உடனிருந்தார்கள். தொழில் தெரிந்த சமையல்காரருக்கு நினைவூட்டலாக எழுதப்பட்டதால் குறிப்புகள் இரண்டு மூன்று வரியில் முடிந்துவிடும். 'வெலூத்தே சேர்க்கவும்' என்றால் அதை எப்படிச் செய்வது என்று அந்த இடத்தில் இருக்காது. தலைமைச் சாஸ்கள் ஏன் தலைமை என்பது இதிலேயே விளங்கும்.

வாய்மொழித் தேர்வில் பீச் மெல்பா கட்டாயம் வரும். பாடகி நெல்லி மெல்பாவுக்காகச் சவாயில் செய்தது. வாக்னரின் லோஹென்க்ரின் இசை நாடகத்தில் வரும் அன்னத்தை நினைத்து, பனிக்கட்டியில் செதுக்கிய அன்னத்தின் மீது வனிலா ஐஸ்கிரீமும் பீச் பழமும் வைத்தார். ராஸ்பெரி கூழ் பின்னால்தான் சேர்ந்தது.

1898-இல் ரிட்ஸும் எஸ்காஃபியரும் சவாயிலிருந்து நீக்கப்பட்டார்கள். சரக்கு கொடுப்பவர்களிடம் கமிஷன் வாங்கியதை 1900-இல் எஸ்காஃபியர் கையெழுத்திட்டு ஒப்புக்கொண்டார். அது பல பத்தாண்டுகள் வெளியே தெரியாமல் இருந்தது. இதை எழுதலாமா என்று ஜூனியர்கள் கேட்கிறார்கள். கேள்வி 'வாழ்வும்' என்று கேட்டால் ஒரு வரி எழுதுங்கள். கொள்முதல் கட்டுப்பாட்டுப் பாடத்தில் நாம் படிக்கும் அதே தவறு இது. அவரை மதிக்கிற எனக்கு அதை மறைக்க மனம் வரவில்லை. பிறகு பாரிஸ் ரிட்ஸ் ஹோட்டலிலும் லண்டன் கார்ல்டனிலும் அவர் பெயர் ஓங்கியது. பிரெஞ்சு அரசின் லெஜியன் ஆஃப் ஹானர் விருது பெற்றார். 1935 பிப்ரவரி 12 அன்று மான்டே கார்லோவில், மனைவி இறந்த சில நாட்களில், 88 வயதில் காலமானார். பிறந்த வீடு இன்று சமையல் அருங்காட்சியகமாக இருக்கிறது.

ஆண்டுகளில் 1846, 1870, 1890, 1903, 1935 ஐந்தும் போதும்.

இறுதி வாய்மொழித் தேர்வில் வெளியிலிருந்து வந்த தேர்வாளர் பிரிகேட் பட்டியலைக் கேட்கவில்லை. "இரவு எட்டரை மணி. மேயர்பேர் முட்டை ஒன்று ஆர்டர் வருகிறது. நீங்கள்தான் அறிவிப்பவர். என்ன சொல்வீர்கள்?" என்றார். மூன்று பெயர்களையும் வரிசையாகக் கூப்பிட்டேன். சிறுநீரகத்துக்குத்தான் நேரம் அதிகம் என்பதால் ரோட்டிசரை முதலில்.