ஒரே ரைஃபிள்தான் என்றால் எந்தக் காலிபர்?

மான் முதல் காட்டுப்பன்றி வரை ஒரே ரைஃபிள் என்றால், என் தேர்வு .308 வின்செஸ்டர் என்ற காலிபர்தான் (தோட்டா அளவு). 1952-இல் வந்தது. 150 கிரெய்ன் (சுமார் 9.7 கிராம்) குண்டு நொடிக்குச் சுமார் 860 மீட்டர் வேகத்தில் கிளம்பும். .30-06 என்ற இன்னொரு தோட்டாவின் பித்தளைக் கூடு 63 மி.மீ., இதன் கூடு 51 மி.மீ.; அடுத்த தோட்டாவை ஏற்ற போல்ட்டைக் (ரைஃபிளின் அடைப்புத் தண்டு) குறைவாக இழுத்தால் போதும், சுடும்போது தோளில் படும் உதையும் சற்றுக் குறைவு.

உதையை அலட்சியம் செய்யாதீர்கள். மேக்னம் (அதிக மருந்துள்ள, வலுவான தோட்டா) பழகாதவர் விசையை இழுக்கும் முன்பே கண்ணை மூடித் தோளைச் சுருக்குவார். குண்டு வயிற்றில் படும், விலங்கு துடித்துக்கொண்டே ஓடும். இதைவிடக் கொடுமை இல்லை. தோள் தாங்காதவருக்கு உதை குறைந்த 6.5 கிரீட்மூர் தோட்டா நல்லது.

குண்டின் கட்டமைப்பும் முக்கியம்: மெல்லிய உறையுள்ள மேட்ச் குண்டு (சுடும் போட்டிக்கானது) பன்றியின் தோள் எலும்பில் சிதறிவிடலாம், அதற்கு 165 கிரெய்ன் பாண்டட் குண்டே (உறையும் உள்ளே உள்ள ஈயமும் ஒட்டியது) சரி. தோட்டா வகையை மாற்றினால் 100 மீட்டரில் மும்மூன்றாகச் சுட்டு மறுபடி ஜீரோ செய்யுங்கள் (குறி வைக்கும் இடத்திலேயே குண்டு படும்படி சரிசெய்யுங்கள்). குழலில் பொறித்த காலிபரும் தோட்டாவின் அடியில் உள்ளதும் ஒன்றுதானா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள்.