ஐந்து நகலும் ஐம்பது பேரும்

ஒரு கடிதத்துக்கு எத்தனை நகல் வேண்டும் என்பதை அடிக்கத் தொடங்கும் முன்பே முடிவு செய்தாக வேண்டிய காலத்தில் வேலைக்குச் சேர்ந்தவன் நான். டைப்ரைட்டர் உருளையில் தாள், கார்பன், மெல்லிய தாள், மறுபடி கார்பன் என்று அடுக்கிச் செருகினால் நாலைந்து நகல் தேறும். கடைசி நகல் மங்கலாகத்தான் இருக்கும். அதனால் யாருக்கு எழுத்தில் போகவேண்டும், யாருக்கு வாயால் சொன்னால் போதும் என்று மேலாளர் முதலிலேயே யோசித்துவிடுவார். நிறையப் பேருக்குப் போகவேண்டிய சுற்றறிக்கை என்றால் ஸ்டென்சில் வெட்டி, மை பூசி, சைக்ளோஸ்டைல் இயந்திரத்தில் உருட்ட வேண்டும். இவ்வளவு பாடுபட இது அவசியம்தானா என்று யாராவது கேட்டுவிடுவார்கள்.

எழுத்துப் பிழை விழுந்தால் ஒவ்வொரு நகலிலும் தனித்தனியாக அழிக்க வேண்டும். அதற்கென வந்த வெள்ளைத் திரவத்தை உருவாக்கியவர் பெட்டி நெஸ்மித் கிரஹாம், அமெரிக்க வங்கி ஒன்றில் செயலராக இருந்தவர். 1950களில் ஓவியர்கள் பயன்படுத்தும் வண்ணத்தைக் குப்பியில் கொண்டுவந்து தன் தட்டச்சுப் பிழைகளை மறைக்கத் தொடங்கினார். அலுவலகக் கருவிகளில் உருப்படியானவை பல, வேலையில் அவதிப்பட்டவர்கள் கையிலிருந்தே வந்திருக்கின்றன என்பது என் எண்ணம்.

கணினி வந்ததும் முதலில் மாறியது கணக்குப் பிரிவுதான். 1979இல் ஆப்பிள் II கணினிக்கு வந்த விசிகால்க், பிறகு 1983இல் லோட்டஸ் 1-2-3; இரண்டுமே கட்டங்களில் எண்களை நிரப்பிக் கணக்குப் போடும் மென்பொருள்கள். அதற்குமுன் வரவுசெலவுத் திட்டத்தில் ஒரு விகிதம் மாறினால் பென்சிலும் ரப்பருமாக மொத்தத் தாளையும் மறுபடி போட வேண்டும். கட்டத்தில் ஒரு எண்ணை மாற்றினால் கீழே கூட்டுத்தொகை தானாக மாறுவதைப் பார்த்து வாயடைத்துப் போனோம். மாலையில் சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம் என்றுகூட நினைத்தோம். நடந்தது வேறு. “இரண்டு சதவீதம் கூட்டிப் பாருங்கள்”, “சரி, ஒன்று குறைத்துப் பாருங்கள்” என்று ஒரே திட்டத்துக்கு ஏழெட்டு வடிவங்கள் கேட்க ஆரம்பித்தார்கள். கணக்குப் போடும் நேரம் குறைந்தது. முடிவெடுக்கும் நேரம் நீண்டது.

மின்னஞ்சலில் இது இன்னும் முற்றிவிட்டது. ஐந்தாவது பெயரைச் சேர்க்கவும் ஐம்பதாவது பெயரைச் சேர்க்கவும் ஒரே உழைப்புதான். விஷயம் தெரியவேண்டும் என்பதற்காக அனுப்பப்படும் நகல்களைவிட, “எனக்குச் சொல்லவே இல்லையே” என்று நாளை யாரும் கேட்டுவிடக் கூடாது என்பதற்காக அனுப்பப்படுபவை அதிகம்.

பழைய காலம் பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. மணிக்கணக்கில் தட்டச்சு செய்து விரல் வீங்கியவர்களை, அதிகாரியைவிட நன்றாக எழுதத் தெரிந்தும் அவர் சொன்னதை மட்டுமே அடித்துக்கொண்டு ஓய்வுபெற்ற பெண்களை எனக்குத் தெரியும். அந்த வேலை ஒழிந்ததில் வருத்தமே இல்லை.

குறை வேறிடத்தில் இருக்கிறது. கோப்பில் தங்கிய கார்பன் நகலின் ஓரத்தில் ஒப்புதல் தந்தவரின் சுருக்கொப்பமும் தேதியும் இருக்கும். இன்று பலரும் சேர்ந்து திருத்தும் கணினிக் கோப்பில் எந்த எழுத்தை யார், எத்தனை மணிக்கு மாற்றினார் என்பதெல்லாம் பதிவாகிறது. இதுதான் முடிவு என்று சொன்னவர் யார் என்பது மட்டும் பல நேரம் தெரிவதில்லை. ஆகவே என் பிரிவில் எந்தக் கோப்பானாலும் தலைப்புக்குக் கீழே முடிவெடுத்தவர் பெயரையும் தேதியையும் ஒரு வரியில் எழுதச் சொல்லியிருக்கிறேன். இளையவர்கள் எழுதிவிடுகிறார்கள். மேலே இருப்பவர்கள்தான் அந்த இடத்தைக் காலியாக விடுகிறார்கள்.