தாயுமானவருக்கு ஒரு தார்

எங்கள் அம்மா வேண்டிக்கொண்டதை எல்லாம் செலுத்துவது என்று கிளம்பினால் வருடத்தில் பாதி நாள் கோயில் வாசலில்தான் நிற்க வேண்டியிருக்கும். சமயபுரத்துக்கு மாவிளக்கு, வைத்தீஸ்வரன் கோயிலுக்கு மொட்டை, குணசீலத்துக்கு ஏதோ ஒன்று. அது என்னவென்று அவளுக்கே மறந்துவிட்டது. ஆனால் மலைக்கோட்டை தாயுமானவருக்கு ஒரு வாழைத்தார் என்பதை மட்டும் மறக்கவில்லை. போனில் எதைப் பேசினாலும் கடைசியில் அதில் வந்துதான் முடிப்பாள். "தாய் வர முடியாத எடத்துக்குத் தாயா வந்தவருடி. அவருகிட்ட போயி கடன் வைக்கலாமா?"

வைத்தோம். பாப்பாவுக்கு இரண்டு வயது முடிந்து இரண்டு மாதம் ஆன பிறகுதான், சென்னையிலிருந்து லால்குடிக்குப் போன ஒரு லீவில், அதற்கு நாள் வாய்த்தது.

தார் மாமாவின் கொல்லையில் விளைந்த பூவன். மாமா அதை டிவிஎஸ் எக்ஸ்எல்லில் முன்னால் நிறுத்திக் கட்டிக்கொண்டு விடிவதற்குள் கிளம்பிவிட்டார். நாங்கள் மூன்று பேரும் பஸ்ஸில் திருச்சி சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்கு. நான், அம்மா, பாப்பா. மூன்று பேர் என்றாலும் மூட்டை எல்லாம் ஒருத்திக்கானதுதான்: டயப்பர் நாலு, மாற்றுத்துணி இரண்டு செட், தண்ணீர் பாட்டில், டப்பாவில் இட்லி, கால் உடைந்த ஒரு பிளாஸ்டிக் யானை. அந்த யானை இல்லாமல் அவள் எங்கும் வருவதில்லை.

நம்பர் ஒன் டோல்கேட் தாண்டி கொள்ளிடம் பாலத்தில் பஸ் ஏறியது. ஆற்றில் மணல்தான் அதிகம், ஓரமாக ஒரு கோடு தண்ணீர். அதற்கே பாப்பா ஜன்னல் கம்பியைப் பிடித்து "தண்ணி! தண்ணி!" என்று கத்த, முன் சீட்டில் தூங்கிக்கொண்டிருந்தவர் எழுந்துவிட்டார். அம்மாவும் எட்டிப் பார்த்தாள். "இப்ப இப்படிக் கெடக்கு. அன்னிக்கு அந்த அம்மா வந்தப்ப காவேரி ரெண்டு கரையும் புரண்டு போச்சாம்" என்று ஆரம்பித்தாள். நூறு தடவை கேட்ட கதைதான். ஆனால் பாப்பா பிறந்த பிறகு அதை நான் கேட்கிற விதம் மாறியிருக்கிறது.

சிராப்பள்ளியில் வாழ்ந்த வணிகன் மனைவி இரத்தினாவதி. நிறைமாதம். பிரசவம் பார்க்க அவளுடைய தாய் காவிரிப்பூம்பட்டினத்திலிருந்து கிளம்பி வருகிறாள். வழியில் காவிரியில் வெள்ளம். அக்கரையில் தாய், இக்கரையில் வலி எடுத்த மகள். அப்போது ஈசன் அந்தத் தாயின் உருவத்திலேயே வந்து கதவைத் தட்டுகிறார். பிரசவம் பார்க்கிறார். வெள்ளம் வடிகிறவரை கூடவே இருக்கிறார். வெள்ளம் வடிந்து உண்மையான தாய் வந்து வாசலில் நிற்க, ஒரே வீட்டில் இரண்டு அம்மா. திகைத்து நிற்கையில் ஒருவர் மறைந்துபோகிறார்.

சின்ன வயதில் இதில் எனக்குப் பிடித்தது கடைசிக் கட்டம். சினிமாவில் வரும் டபுள் ஆக்ட் மாதிரி. இப்போது என் மனசு போய் நிற்கிற இடம் 'வெள்ளம் வடிகிறவரை' என்கிற இரண்டு வார்த்தைதான். அந்த நாள்களில் அவர் என்னவெல்லாம் செய்திருப்பார்? பிறந்த குழந்தையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டியிருப்பார். சாம்பிராணி காட்டியிருப்பார். இரண்டு மணிக்கு ஒரு தடவை நனைகிற துணியை அலசிப் போட்டிருப்பார், அதுவும் மழைநாளில், காயாத துணியை. பூண்டு வதக்கியிருப்பார். பால் சரியாக இறங்கவில்லை என்று அழுகிற பெண்ணிடம் "எல்லாம் சரியாயிடும், படு" என்றிருப்பார். பிரசவம் ஒரு ராத்திரி. அதற்கப்புறம் இருப்பதுதான் நீளம். பிள்ளை பெற்றவர்களுக்குத் தெரியும்.

எனக்கும் ஒரு வெள்ளம் உண்டு. 2023 டிசம்பர் 4. மிக்ஜாம் புயல் மழையில் சென்னை மிதந்த நாள். எனக்குச் சொன்ன தேதிக்கு இன்னும் இரண்டு வாரம் இருந்தது. அம்மா டிக்கெட் போட்டு, மருந்துப்பொடி எல்லாம் இடித்து வைத்துவிட்டு லால்குடியில் உட்கார்ந்திருந்தாள். ரயில்கள் ரத்து. இங்கே கரண்ட் இல்லை, போனில் சிக்னல் இல்லை. முழங்கால் தண்ணீரில் என்னை நடத்திக் கூட்டிப்போய் ஆஸ்பத்திரியில் சேர்த்தார் கணவர். பாப்பா பிறந்தது ஒரு நாள் முழுக்க அம்மாவுக்குத் தெரியாது. அந்த ஒரு நாளில்தான், கொல்லையில் நின்ற வாழையைப் பார்த்துக்கொண்டே தாயுமானவரிடம் வேண்டியிருக்கிறாள். நாலாம் நாள் பஸ் பிடித்து வந்து சேர்ந்தாள்.

அந்த நாலு நாளும் எங்கள் மாடி வீட்டு அக்காதான். அதற்கு முன் அவரோடு எனக்கு இருந்த பேச்சு தண்ணீர் மோட்டார் பற்றி மட்டும்.

மலைக்கோட்டை அடிவாரத்தில் மாமா தாரோடு காத்திருந்தார். செருப்பை விட்டுவிட்டு மாணிக்க விநாயகர் முன்னால் போய் நின்றோம். தோப்புக்கரணம் போடச் சொன்னால் பாப்பா ஒரே காதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு குந்தினாள். எழுந்திருக்கவில்லை. அப்படியே உட்கார்ந்து யானைக்குப் படி காட்ட ஆரம்பித்துவிட்டாள்.

பிறகு படி. உச்சிவரை நானூற்றுக்கும் மேல். தாயுமானவர் சன்னதி நடுவழியில். "தூக்கட்டுமா?" என்று கேட்டால் "பாப்பா நானே." இந்த 'நானே' வந்ததிலிருந்து எங்கள் வீட்டில் எதுவும் நேரத்துக்கு நடப்பதில்லை. ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்த்து வைத்து நின்று, "ஒண்ணு, ரெண்டு, மூணு, ஆறு" என்று எண்ணி, மறுபடி ஒண்ணு. ஓரத்தில் எறும்பு போனால் உட்கார்ந்து பார்க்க வேண்டும். யாரோ சிந்திய குங்குமத்தில் விரலை வைத்துத் தன் மூக்கில் பூசிக்கொள்ள வேண்டும். கைப்பிடியை ஒரு தடவை தட்டிப் பார்க்க வேண்டும், சத்தம் வருகிறதா என்று. நான் இந்தப் படிகளில் எத்தனையோ முறை ஏறியிருக்கிறேன், காலேஜ் படிக்கும்போது பந்தயம் கட்டி ஓடியிருக்கிறேன். ஒரு படியைக்கூடப் பார்த்ததில்லை என்று அன்றுதான் தெரிந்தது.

பக்கத்திலேயே ஒரு பாட்டி, முட்டியைப் பிடித்துக்கொண்டு, பாப்பா மாதிரியே படிக்கு இரண்டு கால் வைத்து ஏறி வந்தார். இருவருக்கும் ஒரே வேகம். பாட்டி நின்றால் இவளும் நிற்பாள். பாட்டி "முருகா" என்றால் இவளும் "முக்கா". கொஞ்ச நேரத்தில் என்னை மறந்துவிட்டு அவர் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டாள்.

கடைசியில் 'நானே' தீர்ந்துபோய் "தூக்கு" வந்தது. இங்கே பிள்ளையார் சதுர்த்திக்கு 150 கிலோவில் கொழுக்கட்டை செய்து, பாதியை அடிவாரத்து மாணிக்க விநாயகருக்கும் மீதியை உச்சிப் பிள்ளையாருக்கும் படைப்பார்கள். மேலே போக வேண்டியதைத் துணியில் தூளி மாதிரி கட்டித் தோளில் தூக்கிக்கொண்டு இதே படியில்தான் ஏற்றுவார்கள். பதினொரு கிலோவுக்கே இடுப்பு விட்டுப்போன நான் அவர்களை மனதாரக் கும்பிட்டேன்.

முன்னால் மாமாவின் தோளில் தார் ஆடிக்கொண்டே போனது. என் தோளிலிருந்து பாப்பாவின் கண் அதைவிட்டு அகலவில்லை.

"பழம்."

"சாமிக்குடா தங்கம். சாமி சாப்புட்டதும் நமக்குக் குடுப்பாரு" என்றார் மாமா.

அவள் யோசித்தாள். "சாமி எல்லாம் சாப்புதுமா?"

மாமாவிடம் பதில் இல்லை.

சன்னதியில் கூட்டம் அதிகமில்லை. உயர்ந்த லிங்கத் திருமேனி. தாரை வாங்கி வைத்து, பேர் நட்சத்திரம் கேட்டார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா சொல்லி முடித்திருந்தாள், மாடி வீட்டு அக்காவின் பேரையும் சேர்த்து. அம்மா சாமியிடம் பேசுவது பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசுவது போலத்தான் இருக்கும். அன்றும் கண்ணை மூடாமல், தீபத்தைப் பார்த்துக்கொண்டு, மெல்லச் சொன்னாள்: "கொண்டாந்துட்டேன். கொஞ்சம் லேட்டாயிடுச்சு." பாப்பா கைகூப்பச் சொல்லாமலேயே கூப்பியிருந்தாள். நடுவில் யானை.

இந்தக் கோயில் திருவிழாவில் செட்டிப்பெண் மருத்துவம் என்று ஒரு நாளே உண்டு. திரை போட்டு, விலக்கும்போது இரத்தினாவதியின் மடியில் குழந்தை இருக்கும். பிரசாதமாகப் பிரசவ மருந்து கொடுப்பார்கள். நான் வயிற்றில் இருந்தபோது அம்மா அதை வாங்கிச் சாப்பிட்டாளாம். "காரமா இருந்துச்சு" என்பதற்கு மேல் அதைப் பற்றி அவள் எதுவும் சொன்னதில்லை.

அம்பாள் பெயர் மட்டுவார் குழலி. மணம் கமழும் கூந்தலை உடையவள். பிரசவத்துக்குப் பின் சீப்பு நிறைய முடி கொட்டி எலிவால் போலாகிவிட்ட பின்னலோடு அவள் முன் நின்றேன். என்ன வேண்டிக்கொண்டேன் என்று சொல்ல வேண்டியதில்லை.

வெளியே மண்டபத்தில் உட்கார்ந்து, பிரசாதமாகத் திரும்பி வந்த பழங்களைப் பிரித்தோம். வந்தவர் போனவருக்கெல்லாம் மாமா கொடுத்துக்கொண்டிருந்தார். அப்போது அம்மா, "நீ மேல போயி புள்ளையாரைப் பாத்துட்டு வா. எனக்கு முட்டி ஆவாது. இவள நான் பாத்துக்கறேன்" என்றாள்.

"அழுவாம்மா."

"உன்னை வளத்தது யாரு? போடி."

போனேன். இரண்டு வருடத்தில் முதல் தடவையாகக் கையில் எதுவும் இல்லாமல் படி ஏறுகிறேன். பை இல்லை, பாட்டில் இல்லை, பாப்பா இல்லை. கையை எங்கே வைத்துக்கொள்வது என்றே தெரியவில்லை. இடுப்பு மட்டும் பழக்கத்தில் ஒரு பக்கமாகச் சாய்ந்தே நடந்தது. நாலு படி ஏறியதும் வேகம் வந்துவிட்டது. யாரும் பார்க்கவில்லை என்று உறுதிசெய்துகொண்டு இரண்டிரண்டு படியாகத் தாவினேன். இதை வீட்டில் சொல்லவில்லை.

வழியில் மகேந்திரவர்ம பல்லவன் குடைவித்த குகை. ஏழாம் நூற்றாண்டு. அதன் சுவரில் கங்காதரர்: பாய்ந்து வரும் கங்கையை ஒற்றைச் சடையில் ஏந்தி நிற்கும் சிவன். எத்தனையோ முறை கடந்துபோன சிற்பம். அன்று அதன் முன் கால் நின்றுவிட்டது. கங்கையையே ஒரு முடிக்கற்றையில் அடக்கியவருக்குக் காவிரி எம்மாத்திரம்? வெள்ளத்தை நிறுத்தி அந்த அம்மாவை அக்கரையிலிருந்து அனுப்பிவைத்திருக்கலாமே. அதைச் செய்யவில்லை. சேலை கட்டிக்கொண்டு, மருந்து மூட்டையைத் தூக்கிக்கொண்டு, தானே போயிருக்கிறார். ஏன் என்று கேட்டுக்கொண்டே ஏறினேன். மாடி வீட்டு அக்கா நள்ளிரவில் மெழுகுவர்த்தியோடு கஞ்சிப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றதுதான் கண்ணுக்குள் வந்தது.

கடைசிப் படிகள் வெட்டவெளி. காற்று புடவையைப் பிய்த்தது. பிள்ளையார் தன் சின்ன இடத்தில் குளுகுளுவென்று உட்கார்ந்திருந்தார். இவர் தலையில் கொட்டு வாங்கிய கதையும் எனக்கு இப்போது வேறு மாதிரி தெரிகிறது. இலங்கைக்கு அரங்கனைக் கொண்டுபோகிற விபீஷணன், சிலையைத் தரையில் வைக்கக் கூடாது. ஆனால் காவிரியில் இறங்கி அனுஷ்டானம் செய்ய வேண்டும். ஒரு பையனிடம் "கொஞ்சம் வச்சுக்கோ, இதோ வந்துடறேன்" என்று கொடுத்துவிட்டுப் போகிறான். வருவதற்குள் பையன் கீழே வைத்துவிட்டான். அரங்கன் அசையவில்லை. துரத்திக்கொண்டு இந்த மலை உச்சிவரை வந்து கொட்டினான் விபீஷணன். யார் பக்கம் நியாயம் என்பது இருக்கட்டும். இறக்கிவைக்க முடியாத ஒன்றை யாரிடமாவது ஐந்து நிமிஷம் கொடுத்துவிட்டுக் குளிக்கப் போகிற தவிப்பை நான் அறிவேன். விபீஷணா, நாங்கள் எல்லாம் உன் கட்சி.

உச்சியிலிருந்து பார்த்தால் காவிரி, அதற்கப்பால் தென்னைக்கு நடுவே ஸ்ரீரங்கத்தின் 236 அடி ராஜகோபுரம், அதற்கும் அப்பால் வெளுத்த கோடாகக் கொள்ளிடம். அந்தப் பக்கம்தான் லால்குடி. ஐந்து நிமிஷம் நின்றிருப்பேன். காற்றில் குழந்தை அழுகிற மாதிரி ஒரு சத்தம். பாப்பாதான் என்று தோன்றிவிட்டது. அவ்வளவுதான், விழுந்தடித்துக்கொண்டு இறங்கினேன்.

யாரும் அழவில்லை. அம்மாவின் மடியில் சாய்ந்து, காலை ஆட்டிக்கொண்டு, பழம் தின்றுகொண்டிருந்தாள். சட்டை, முடி, யானை எல்லாம் பழம். மூச்சு வாங்க வந்து நின்ற என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு மறுபடி பழத்துக்குத் திரும்பினாள். படியில் வந்த பாட்டி பக்கத்தில் உட்கார்ந்து அவள் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அம்மா ஒரு மஞ்சள் பையில் நாலு பழத்தைத் தனியாக எடுத்துவைத்திருந்தாள். "இது மாடி வீட்டு அக்காவுக்கு. நசுங்காம கொண்டு போ."

அன்று ராத்திரியே சென்னைக்கு ரயில். மடியில் பாப்பா, பாப்பாவின் மடியில் மஞ்சள் பை. தாம்பரத்தில் எழுப்பியபோது எண்ணிப் பார்த்தேன். மூன்று இருந்தது. தோல் அவள் கைக்குள் இருந்தது.