தூணில் தெரிந்த கம்பி

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்கு என் வீடு கட்டும் சைட்டுக்கு நான் வருவேன் என்று அவர்கள் எதிர்பார்க்கவில்லை. முந்தின நாள்தான் தூண்களின் பெட்டியை, அதாவது காங்கிரீட் ஊற்ற அடிக்கும் பலகை அச்சை, பிரித்திருந்தார்கள். வாசல் பக்கத் தூணுக்கு அடியில் ஒரு சித்தாள் அக்கா இரும்புச் சட்டியில் சிமெண்ட் பால் கரைத்துக்கொண்டிருந்தார். கொத்தனார் குத்தவைத்து உட்கார்ந்து அதை வெறுங்கையால் தூணில் அப்பிக்கொண்டிருந்தார்.

"என்னண்ணே இது?"

"ஒண்ணுமில்ல சார், ஃபினிஷிங்."

பூசாமல் விட்டிருந்த பக்கம் போய்ப் பார்த்தேன். முழங்கால் உயரத்துக்குக் கீழே ஜல்லி மட்டும் தனித்தனியாக ஒட்டிக்கொண்டு நின்றது. இடையில் விரல் நுழைகிற பொந்துகள். இரண்டு இடத்தில், நெடுக்குக் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் ரிங் கம்பி வெளியே தெரிந்தது. ஒரு முக்கால் அங்குல ஜல்லியைச் சும்மா பிடித்து அசைத்தேன், பல் விழுகிற மாதிரி கையோடு வந்துவிட்டது. அந்த ஜல்லி இன்னும் என் மேஜை டிராயரில் இருக்கிறது.

2023 ஏப்ரலில் நடந்தது இது. திருச்சியில் திருவெறும்பூர் தாண்டி ஒரு மனை, 1,150 சதுர அடி வீடு, சதுர அடிக்கு 2,100 ரூபாய் என்று பொருளோடு சேர்த்து ஒப்பந்தம். பட்டா, பிளான் அப்ரூவல், வங்கிக் கடன் எல்லாம் ஒழுங்காகவே முடிந்தன, அதில் எழுத ஒன்றுமில்லை. கான்ட்ராக்டரைச் சொன்னது என் மனைவியின் பெரிய மாமா. "நம்ம பையன் மாதிரி, கண்ணை மூடிக்கிட்டுக் குடுக்கலாம்" என்றார். நானும் மூடிக்கொண்டுதான் கொடுத்தேன். ஒரே ஒரு பக்கம் முத்திரைத்தாளில் எழுதினோம். அதில் "தரமான பொருட்களைக் கொண்டு தரமான முறையில் கட்டித் தரப்படும்" என்று ஒரு வரி. தரம் என்றால் என்ன என்று எங்கேயும் எழுதவில்லை. எம் 20 தரக் காங்கிரீட், சிமெண்ட்-மணல்-ஜல்லி 1:1.5:3 கலவை, காங்கிரீட்டை அதிர வைத்து இறுக்கும் வைப்ரேட்டர் கட்டாயம், இத்தனை நாள் தண்ணீர் விட வேண்டும் என்றெல்லாம் எழுதியிருக்க வேண்டிய இடம் அது.

அதைவிடப் பெரிய முட்டாள்தனம் ஒன்று செய்திருந்தேன். கம்பி விலை ஏறப்போகிறது, முன்னாடியே இறக்கிவிடலாம் என்று அவர் சொன்னதை நம்பி, வேலை நிலைக்கு ஏற்பத் தர வேண்டிய தவணைகளைத் தாண்டி 3 லட்சம் கூடுதலாகக் கொடுத்துவிட்டேன். அதில் 2 லட்சம் ரொக்கம், ரசீது கிடையாது. தூண் விஷயம் வெடித்தபோது சைட்டில் 6 லட்சத்துக்குத்தான் வேலை நடந்திருந்தது. என் கையிலிருந்து 9 லட்சம் போயிருந்தது. அதனால் என் குரல் எவ்வளவு உயர முடியுமோ அவ்வளவுதான் உயர்ந்தது.

கான்ட்ராக்டர் பத்து மணிக்கு வந்தார். "இதெல்லாம் சகஜம் தம்பி. பூச்சு ஏறிட்டா யாருக்குத் தெரியப் போகுது?" பூச்சு ஏறினால் தெரியாதுதான். மழைத் தண்ணீரும் காற்றும் மட்டும் உள்ளே போய்க் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். துரு பருத்துக் காங்கிரீட்டைப் பிளக்கும். அது தெரிய ஏழெட்டு வருஷமாவது ஆகும், அதற்குள் அவர் எங்கேயோ.

தெரிந்தவர் மூலம் ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரைப் பிடித்தேன். ஒரு தடவை வந்து பார்க்க 6,000 ரூபாய். யோசித்துத்தான் கொடுத்தேன், ஆனால் இந்த வீட்டில் உருப்படியாகச் செலவான முதல் காசு அதுதான். சின்னச் சுத்தியலால் தூணைத் தட்டிக்கொண்டே வந்தார். நல்ல இடத்தில் 'டங்', பொந்து இருக்கிற இடத்தில் 'தொப்'. எங்கெங்கே தொப் கேட்டதோ அங்கெல்லாம் சாக்பீஸால் வட்டம் போட்டார். ஏழு தூணில் இரண்டில் வட்டம் விழுந்தது. காரணத்தை அவர் சொன்ன பிறகு சித்தாள் அக்காவே மெதுவாக ஒத்துக்கொண்டார்: அன்றைக்கு வைப்ரேட்டர் ஊசி ரிப்பேர், கம்பியை விட்டுக் குத்தியிருக்கிறார்கள். பத்தடி உயரத்திலிருந்து அப்படியே கொட்டியிருக்கிறார்கள். ஒன்றரை மீட்டருக்கு மேலிருந்து கொட்டினால் ஜல்லி ஒரு பக்கமும் சாந்து ஒரு பக்கமுமாகப் பிரிந்துபோகும். பெட்டியின் அடியில் இடைவெளி இருந்ததால் சிமெண்ட் பால் வேறு ஒழுகிவிட்டது. கம்பிக்கு மேல் தூணில் 40 மி.மீ. காங்கிரீட் மூட வேண்டும். கம்பியைப் பலகையிலிருந்து தள்ளி நிறுத்தும் கவர் பிளாக் வைக்காததால் ரிங் நேராகப் பலகையில் போய் ஒட்டியிருந்தது.

இடிக்க வேண்டாம், மேலே ரூஃப் ஏறாதது நல்லது என்றார். உளுத்ததை எல்லாம் கெட்டியான காங்கிரீட் வரும்வரை கொத்தி எடுத்து, கழுவி, பழையதும் புதியதும் ஒட்டுவதற்கான ரசாயனம் தடவி, மறுபடி பெட்டி அடித்து, பொந்துகளில் ஓடி நிரம்பும், சுருங்காத கிரவுட் கலவை ஊற்ற வேண்டும். சாதா சிமெண்ட் கலவையை அப்பக் கூடாது. 11,000 ரூபாய் செலவு. கான்ட்ராக்டர் தர மாட்டேன் என்றார். நானே கொடுத்துவிட்டு, "கழித்துக்கொள்வேன்" என்று வாட்ஸாப்பில் எழுதி வைத்தேன். அன்று ராத்திரி மாமாவிடமிருந்து போன். "ஒரு தூணுக்குப் போயி இன்ஜினியரைக் கூட்டிட்டு வந்து அசிங்கப்படுத்திட்டீங்களாமே மாப்ள?"

சொந்தத்தில் ஆள் பிடித்தால் இதுதான் சிக்கல். வேலையில் குறை சொன்னால் அது சொந்தத்தில் குறை சொன்ன கணக்கு. என் மனைவிதான் போனை வாங்கி, "மாமா, அந்தத் தூணுக்குக் கீழதான் நாளைக்கு நீங்களும் உக்காந்து காபி குடிப்பீங்க" என்றாள். அதற்குப் பிறகு அவர் கொஞ்ச நாள் போன் செய்யவில்லை.

ரூஃப் அன்று லீவு போட்டுவிட்டு மிக்ஸர் பக்கத்திலேயே நின்றேன். பத்து லிட்டர் பெயிண்ட் டப்பா ஒன்றை வாங்கிக் கழுவி, ஒரு மூட்டை சிமெண்டுக்கு இரண்டரை டப்பா தண்ணீர், அதற்கு மேல் ஒரு சொட்டு கூடாது என்று சொல்லிவிட்டேன். "தண்ணி கம்மியா இருந்தா தள்ள முடியாது சார்" என்று பாட்டுப் பாடிக்கொண்டே இருந்தார்கள். நான் திரும்பியபோது ஒருத்தர் ஹோஸைத் திறந்தார், ஹோஸையே கழற்றி வண்டியில் வைத்துவிட்டேன். கியூப் அச்சு வாடகைக்கு எடுத்து அதே காங்கிரீட்டில் ஆறு கட்டி போட்டு, நசுக்கி வலிமை பார்க்கப் பக்கத்து இன்ஜினியரிங் கல்லூரி லேபில் கொடுத்தேன். மூன்று ஏழாம் நாளுக்கு, மூன்று இருபத்தெட்டாம் நாளுக்கு. இருபத்தெட்டாம் நாள் சராசரி சதுர மி.மீ.க்கு 22 நியூட்டனுக்குச் சற்று மேல் வந்தது. எம் 20 என்றால் குறைந்தது 20 வர வேண்டும். அந்தத் தாளை ஃபிரேம் போடலாமா என்று யோசித்தேன். கல்யாணச் சான்றிதழைக்கூட அப்படிப் பார்த்ததில்லை.

தண்ணீர் விடும் வேலையைக் கான்ட்ராக்டரை நம்பி விடாதீர்கள். காலையில் ஒரு வாளி, சாயங்காலம் ஒரு வாளி என்று தெளித்துவிட்டுப் போவார்கள், வாசலில் கோலம் போடப் போகிற மாதிரி. திருச்சி வெயிலில் அது அரை மணி நேரத்தில் காய்ந்துவிடும். ரூஃபில் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்த வேண்டும், தூணுக்கு ஈரச் சாக்கு சுற்ற வேண்டும். பிபிசி (PPC, சாம்பல் கலந்த) சிமெண்ட் என்றால் பத்து நாளாவது, முடிந்தால் பதினாலு நாள். என் அம்மா குடையோடு பஸ் ஏறி வந்து பதினாலு நாளும் பார்த்துக்கொண்டார். அம்மாவுக்குப் பயந்து ஆட்கள் பீடியையே தள்ளிப் போய்தான் பிடித்தார்கள்.

அடுத்தது சுவர். 180 ரூபாய்க்கு ஒரு தூக்குக்குண்டு வாங்கியிருந்தேன். படுக்கையறை மேற்குச் சுவரில் விட்டுப் பார்த்தால் மேலேயும் கீழேயும் 28 மி.மீ. வித்தியாசம். மூன்று மீட்டருக்கு 6 மி.மீ. வரை பொறுக்கலாம். "பூச்சுல சரி பண்ணிடலாம் தம்பி" என்றார் மறுபடியும். பூச்சு என்பது அவருக்குக் கங்கை மாதிரி, எல்லாப் பாவமும் அதில் கரைந்துவிடும். உள்பூச்சு 12 மி.மீ. போட வேண்டிய இடத்தில் 40 மி.மீ. அப்பினால் அது சுவரில் நிற்காது, என்றைக்காவது பொத்தென்று விழும்.

ஆனால் இந்த முறை நிலைமை வேறு. ரூஃப் நிலைப் பணத்தில் பாதியை மட்டும் கொடுத்திருந்தேன், வேலையும் பணமும் ஏறக்குறைய சமமாக வந்திருந்தது. சுவர் நேராகும்வரை அடுத்த தவணை கிடையாது என்றேன். மூன்று நாள் ஆளே வரவில்லை. நான் கூப்பிடவும் இல்லை, இதுதான் கஷ்டமான பகுதி, கை போனுக்குப் போய்ப் போய் வரும். நாலாம் நாள் காலையில் இரண்டு பேர் வந்து கதவு ஜன்னல் தலைக்கு மேல் போடும் லிண்டிலுக்கு மேலே எட்டு வரிசை செங்கலைக் கொத்தி இறக்கினார்கள். அந்தச் சத்தத்தைப் போன் போட்டு என் மனைவிக்குக் கேட்க வைத்தேன்.

அப்புறம் பாத்ரூம். இதில் யாரும் என்னைப் போல ஏமாற வேண்டாம் என்பதற்காகக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். டைல்ஸ் ஒட்டும் முன்பே தண்ணீர் நிறுத்திப் பார்த்திருக்க வேண்டும். நான் ஒட்டிய பிறகு பார்த்தேன். தரைத் தண்ணீர் வெளியேறும் நகானி டிராப்பைத் துணியால் அடைத்து, இரண்டு அங்குலத் தண்ணீர் விட்டு, அளவுக்குச் சுவரில் பென்சில் கோடு போட்டுவிட்டு வந்தேன். இரண்டு நாள் கழித்துப் போனால் கோட்டுக்கு ஒரு அங்குலம் கீழே தண்ணீர். மாடி பாத்ரூமுக்குக் கீழே சமையலறைக் கூரையில் பைப் இறங்கும் இடத்தைச் சுற்றி ஒரு ஈர வட்டம். துணியை எடுத்துவிட்டால் மிச்சத் தண்ணீர் டிராப் பக்கம் போகாமல் கதவுப் பக்கம் தேங்கி நின்றது, வாட்டமே தலைகீழ்.

பிளம்பரைக் கேட்டால் டைல்ஸ்காரர் என்றார். டைல்ஸ்காரர் வாட்டர்புரூஃபிங் போட்டவரைக் காட்டினார். வாட்டர்புரூஃபிங் போட்டவர் பைப் ஓட்டையைச் சுற்றி அடைக்க வேண்டியது கொத்தனார் என்றார். கொத்தனார் ஊருக்குப் போயிருந்தார். ஹாலில் சாவியால் தட்டிப் பார்த்தபோது 64 டைல்ஸில் 19 வெற்று ஒலி. ஒன்றைப் பெயர்த்தால் அடியில் முழுக்கக் கலவை இல்லை, நாலு மூலையிலும் நடுவிலும் ஐந்து உருண்டை, இட்லி மாதிரி.

கான்ட்ராக்டர் இப்போது போனை எடுப்பதை நிறுத்தினார். ரெராவில் (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில்) புகார் கொடு என்று நாலு பேர் சொன்னார்கள். வக்கீலிடம் போனதும் முதலில் அதைத்தான் மறுத்தார். சொந்த மனையில் சொந்தமாக ஆள் வைத்துக் கட்டுகிற வீட்டுக்கு ரெரா வராது, அது பிளாட், லே-அவுட் விற்கிற புரமோட்டர்களுக்கு. நமக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் வீடு கட்டித் தருவதும் சேவைதான், அரைகுறையாகச் செய்தால் சேவைக் குறைபாடு. கொடுத்த தொகை 50 லட்சம் வரை மாவட்டத்திலேயே பார்ப்பார்கள், என் தொகைக்குக் கட்டணம் 1,000 ரூபாய், பிரச்சினை எழுந்த இரண்டு வருஷத்துக்குள் போக வேண்டும்.

"ரொக்கமா குடுத்த 2 லட்சத்துக்கு என்ன ஆதாரம்?" என்றார். விழித்தேன். அவர் சொன்ன யோசனைக்காகவே அந்த ஃபீஸைக் கொடுக்கலாம்: சண்டை எதுவும் போடாமல் சாதாரணமாக ஒரு மெசேஜ் அனுப்புங்கள். "அண்ணே, கணக்கு எழுதிட்டு இருக்கேன். ரொக்கம் 2 லட்சம் சேர்த்து இதுவரை மொத்தம் 22,25,000, சரிதானே?" போன் எடுக்காத மனிதர் பத்து நிமிஷத்தில் பதில் போட்டார்: "சரி தம்பி", கூடவே ஒரு கட்டைவிரல். பணக் கணக்கு என்றால் பார்க்காமல் இருக்க மாட்டார்கள். வக்கீல் அந்தக் கட்டைவிரலைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு இன்னும் நினைவிருக்கிறது.

போட்டோக்கள், இன்ஜினியர் எழுதிக் கொடுத்த இரண்டு பக்க அறிக்கை, பென்சில் கோட்டு வீடியோ எல்லாம் சேர்த்து ஒப்புகைச் சீட்டோடு பதிவுத் தபாலில் நோட்டீஸ் போனது. ஒன்பதாம் நாள் மாமாவோடு வந்தார். மாமா என் முகத்தைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே பேசினார். என் கையில் நிறுத்தி வைத்த 1,90,000 இருந்தது, அதை வைத்துத்தான் பேச்சே நடந்தது. பாத்ரூமை முழுக்கப் பெயர்த்து, பைப்பைச் சுற்றி அடைத்து, புதிதாக வாட்டர்புரூஃபிங், மறுபடி தண்ணீர் சோதனை. 19 டைல்ஸ் மாற்றம். இது முடிந்தால் 1,20,000 தருகிறேன், மீதி 70,000 இன்ஜினியர், கிரவுட், ஐந்து மாத வாடகைக்குச் சரி என்றேன். ஒரு மணி நேரம் இழுத்துவிட்டு ஒத்துக்கொண்டார். இந்தத் தடவை எழுதிக் கையெழுத்து வாங்கினேன், சாட்சிக் கையெழுத்து மாமா.

இரண்டாவது சோதனையில் பென்சில் கோடும் தண்ணீரும் நாற்பத்தெட்டு மணி நேரம் ஒரே இடத்தில் இருந்தன. ஆவணியில் குடிபோக நினைத்தது தையில் முடிந்தது.

போர்ட்டிகோ வாட்டத்தை மட்டும் அந்த ஒப்பந்தத்தில் எழுத மறந்துவிட்டேன். மழை பெய்தால் அந்த வாசல் தூணுக்குப் பக்கத்தில்தான் தண்ணீர் தேங்குகிறது. துடைப்பம் அங்கேயே சாத்தி வைத்திருக்கிறோம்.